முகமில்லாத செடி

ராஜஸ்ரீக்குக் குரங்குகளின் மேல் எந்தக் கோபமும் கிடையாது. இருந்தும் டிசம்பர் மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை, வழுதக்காட்டில் ஒரு சிறிய அரங்கத்தில், சிங்கவால் குரங்கின் மேல் அவளுக்குக் கோபம் வந்தது.

அவள் திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பத்தொன்பது வருடமாகத் தாவரவியல் நடத்துகிறாள். பூர்விகம் நாகர்கோவில் பக்கம். கல்யாணமாகி வந்தது ஆரியசாலைக்கு. கணவன் மஹேஷுக்குச் சாலைக் கடைத்தெருவில் பெயிண்டும் இரும்புச் சாமானும் விற்கிற கடை. அதே கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர் கிரீஷ். அவரும் நாஞ்சில் நாட்டுக் குடும்பம்தான். பதினைந்து வருடமாக மலைக்காடுகளில் சிங்கவால் குரங்குகளின் பின்னால் அலைந்தவர் என்பதால் அவரைத் தெரியாதவர்கள் ஊரில் குறைவு. பத்திரிகைகளில் படம் வரும். பள்ளிக்கூடங்களில் கூப்பிட்டுப் பேசச் சொல்வார்கள். ராஜஸ்ரீயை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாகக் கூப்பிட்டிருந்தார்கள். மாதம் ஒருமுறை கூடுகிற இயற்கை ஆர்வலர் குழு ஒன்று, 'ஒரு குரங்கும் ஒரு செடியும்' என்று தலைப்பு வைத்து இருவருக்கும் ஆளுக்கு இருபது நிமிடம் கொடுத்திருந்தது. அழிந்துவரும் இரண்டு உயிர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்பது ஏற்பாடு.

முதலில் கிரீஷ் பேசினார். அவர் அதிகம் பேசக்கூட வேண்டியிருக்கவில்லை. முகத்தைச் சுற்றி நரைத்த பிடரிமயிரோடு ஓர் ஆண் குரங்கு பலாப்பழத்தைப் பிளப்பதையும், பிறந்து நாலைந்து நாளான குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கேமராவைப் பார்ப்பதையும் திரையில் போட்டார். முன்வரிசைக் குழந்தைகள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். யாரோ ஒருவர், இந்தக் கூட்டம் எந்தக் காட்டில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். கிரீஷ் சிரித்துக்கொண்டே, "காட்டுக்குள்ள இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

அடுத்து ராஜஸ்ரீயின் முறை. அவள் கொண்டுவந்திருந்தது ஒரு சதைப்பற்றுச் செடியின் படங்கள். நாஞ்சில் நாட்டில் ஆடு மேய்க்கிறவர்கள் உப்புத் தொட்டுத் தின்கிற கல்லிமுளையானின் இனத்தில், மிகவும் அரிதான ஒரு வகை. இலையே கிடையாது. சாண் உயரத்துக்கு, பெருவிரல் கனத்தில், நாலு பட்டையாக நீர் கோத்த தண்டு. மழைக்குப் பிறகு அதன் நுனியில் உறைந்த ரத்தத்தின் நிறத்தில் ஐந்து இதழ் நட்சத்திரமாக ஒரு பூ பூக்கும். செத்த எலியின் நாற்றமடிக்கும். அந்த நாற்றத்துக்கு ஈக்கள் வந்தால்தான் அதற்குக் காய் பிடிக்கும்.

நாற்றம் என்றதும் குழந்தைகள் மூக்கைப் பிடித்தார்கள். பெரியவர்களும் சிரித்தார்கள். இரண்டாம் வரிசையிலிருந்த ஒரு பெண்மணி, "இது எங்க டெரஸ்ல நிக்கிற கள்ளி மாதிரி தன்னே இருக்கு டீச்சர்" என்றார் மலையாளம் கலந்த தமிழில். அதற்கும் சிரிப்பு.

ராஜஸ்ரீக்குக் காது சூடாகிவிட்டது. எழுதி வைத்திருந்த தாளை மடித்து மேசையில் வைத்தாள்.

"குரங்குக்கு முகம் உண்டு" என்றாள். "நம்ம மாதிரி கண்ணு உண்டு. குட்டிய மாரோட அணைச்சுக்கும். அது செத்தா நமக்கு அழுகை வரும். இந்தச் செடிக்கு முகம் இல்ல. ஓடத் தெரியாது, சத்தம் போடத் தெரியாது. இது ஒரு நாளைக்கு இல்லாமப் போனா, போச்சுன்னுகூட யாருக்கும் தெரியாது."

அரங்கம் அமைதியானது. பத்தொன்பது வருடத்தில் எந்த வகுப்பிலும் அவளுக்கு அப்படியொரு அமைதி வாய்த்ததில்லை. மூக்கைப் பிடித்த குழந்தைகளும் கையை எடுத்துவிட்டார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞன், அது எங்கே இருக்கிறது என்று கேட்டான்.

அவளும் கிரீஷைப் போலச் சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் எல்லாருடைய கண்ணும் தன் மேல் இருந்த அந்த நேரத்தை விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் என்றாள். எந்தக் காற்றாலைக்குப் பின்னால் என்று அதன் நம்பரைச் சொன்னாள். பாறையின் மேற்குப் பக்கத்து வெடிப்பில் பதினோரு தூறு நிற்கிறது என்றாள். அங்கே ராஜையன் என்று ஒரு வாட்ச்மேன் இருக்கிறார், அவர்தான் இதைக் கண்டுபிடித்துக் காப்பாற்றி வருகிறவர், என் பேரைச் சொன்னால் காட்டுவார் என்றும் சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

டீ குடிக்கும்போது கிரீஷ் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "டீச்சர், நம்பர் வரைக்கும் சொல்லணுமா?" என்று மெல்லக் கேட்டார்.

"உங்க கொரங்குக்கு மட்டும் ஆள் வேணும், என் செடிக்கு வேண்டாமா சார்?" என்றாள் ராஜஸ்ரீ. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் கப்பை வைத்துவிட்டுப் போய்விட்டார். பொறாமை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ராஜையனை அவளுக்கு இரண்டு வருடமாகத் தெரியும். மாணவர்களோடு அந்தப் பாறைக்குன்றுக்குப் போயிருந்தபோது, காற்றாலைக் கம்பெனியின் காக்கிச் சட்டையில், ஐம்பது வயதிருக்கும் ஒருவர் வந்து, ஒரு செடி இருக்கிறது, என்னவென்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். ஷெட்டுக்குப் பக்கத்தில் எலி செத்து நாறுகிறது என்று இரண்டு நாளாகத் தேடியிருக்கிறார். எலி அகப்படவில்லை. மூக்கு போன வழியே போனால் பாறை வெடிப்புக்குள் பூ இருந்தது. பூவா இப்படி நாறுகிறது என்று ஆச்சரியப்பட்டு, அன்றிலிருந்து ஆடு வாய் வைக்காமல் முள்வெட்டிப் போட்டு அடைத்துவைத்திருந்தார். ராஜஸ்ரீ கோயம்புத்தூரில் ஒரு நிபுணருக்குப் படம் அனுப்பினாள். இதுவரை இரண்டே இடத்தில்தான் பார்த்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது.

அதைச் சொன்னபோது ராஜையன் சந்தோஷப்பட்டதைவிடப் பயந்ததுதான் அதிகம். யாரிடமும் இடத்தைச் சொல்லிவிடாதீர்கள், தெரிந்தால் பிடுங்கி விற்றுவிடுவார்கள் என்றார். அவள் சத்தியம் செய்யாத குறையாக வாக்குக் கொடுத்தாள். அதன்பின் மழை முடிந்ததும் அவர் போன் செய்வார். இந்த வருடம் இத்தனை பூ என்று எண்ணிச் சொல்வார்.

கூட்டத்துக்கு மறுநாள் குழுக்காரர்கள் அவள் பேச்சை வீடியோவாகப் போட்டார்கள். 'முகம் இல்லாத செடி' என்று தலைப்பு. ராஜஸ்ரீ அதைத் தன் பக்கத்திலும் போட்டாள், குடும்ப குரூப்பிலும் போட்டாள். ஒரு வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் பார்த்துவிட்டார்கள். வகுப்புக்கு வகுப்பு இடைவேளையில் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டாள். கொடுத்த வாக்கு அவளுக்கு நினைவில்லாமல் போகவில்லை. செடிக்கு நல்லதுக்குத்தானே சொன்னோம் என்று அதற்குப் பதிலும் வைத்திருந்தாள்.

பொங்கல் முடிந்த அடுத்த வாரம், காலை பதினோரு மணிக்கு ஸ்டாஃப் ரூமில் இருந்தபோது ராஜையன் போன் செய்தார்.

"டீச்சர், செடி போச்சு."

அவர் சொன்னது இது. முந்தின நாள் வெள்ளைக் காரில் மூன்று பேர் வந்தார்கள். ராஜஸ்ரீ டீச்சர் அனுப்பினார், ஆராய்ச்சி செய்யவேண்டும் என்றார்கள். மொபைலில் அவள் படத்தையும் காட்டினார்கள். அவர் கேட்டின் சங்கிலியை அவிழ்த்து, வழி காட்டி, முள்ளையும் தானே விலக்கிக் கொடுத்தார். பிறகு வேறொரு டவருக்கு வரச்சொல்லி சூப்பர்வைசர் கூப்பிட்டார். திரும்பி வந்தபோது காரும் இல்லை, ஆளும் இல்லை. பதினோரு தூறையும் வேரோடு எடுத்திருந்தார்கள். வேர் வராத இடத்தில் உளி வைத்துப் பாறையையே பெயர்த்திருந்தார்கள். ஒரு தெர்மோகோல் பெட்டி மூடி மட்டும் கிடந்தது.

"நீங்க ஆரையும் அனுப்புனியளா டீச்சர்?"

"இல்ல."

"எங்கயும் எடத்தச் சொன்னியளா?"

பக்கத்து மேசையில் இரண்டு பேர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்கள். அதற்கப்பால் கிரீஷ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ராஜஸ்ரீ எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். எழுந்து போகிற அந்த நாலு அடிக்குள் உண்மையைச் சொல்லிவிட முடியும் என்றுதான் நினைத்தாள்.

"இல்லண்ணே. நான் யார்ட்டயும் சொல்லல்ல" என்றாள்.

போனில் காற்றாலை சுற்றுகிற சத்தம் கேட்டது.

"அப்போ நாந்தான் ஏமாந்துட்டேன்" என்றார் ராஜையன். "மன்னிச்சுக்கிடுங்க டீச்சர்."

"சாரமில்ல" என்றாள் அவள். பரவாயில்லை என்று மலையாளத்தில் சொல்கிற சொல். பஸ்ஸில் காலை மிதித்தவனுக்கும், பால் கொண்டுவர மறந்தவனுக்கும் சொல்கிற சொல். அது தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுக்கொண்டே அவள் நின்றாள்.

அன்று சாயங்காலமே தன் பக்கத்திலிருந்து வீடியோவை எடுத்தாள். குழுவின் செயலாளரைக் கூப்பிட்டு, ஒரு தகவல் பிழை இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றாள். என்ன பிழை என்று அவர் கேட்டதற்கு, செடியின் பெயரில் என்று இன்னொரு பொய் சொன்னாள். அவர் எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் வேறெங்கெல்லாமோ போட்டிருந்தார்கள்.

அடுத்த பத்துப் பன்னிரண்டு நாள் அவள் கிரீஷ் இருக்கிற நேரம் ஸ்டாஃப் ரூமுக்குப் போகவில்லை. லைப்ரரியில் உட்கார்ந்து மொபைலில் செடி விற்கிறவர்களின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தேடினாள். ஒன்பதாம் நாள் அகப்பட்டது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் நாலு தண்டு. அபூர்வ வகை, சேகரிப்பவர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வேரோடு ஒரு சில்லுப் பாறை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் செந்நிறப் பாறையை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அன்று கடை அடைத்து வந்த மஹேஷிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றி மாட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தான். "செடிதானே, போட்டும் விடு. நீ சொன்னாத்தானே அந்த ஆளுக்குத் தெரியும்? சொல்லாட்டி எப்படித் தெரியும்?" என்றான். அவன் அவளுக்கு ஆறுதலாகத்தான் சொன்னான். இத்தனை நாளும் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்ததும் அதே வார்த்தைகள்தான். இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது அதை அவளால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை ரயிலில் நாகர்கோவில் போய், பஸ் பிடித்து ஆரல்வாய்மொழியில் இறங்கி நடந்தாள். காற்றாலைக்குக் கீழே வேறொரு வாட்ச்மேன் இருந்தார். வெளியாட்களை உள்ளே விட்டதற்காக ராஜையனை மாற்றிவிட்டார்கள், இப்போது காவல்கிணறு பக்கம் கம்பெனியின் சாமான் யார்டில் இருக்கிறார் என்றார். அவள் பாறைக்குப் போகாமலே திரும்பினாள். ஆட்டோ பிடித்து யார்டுக்குப் போனாள்.

நிழலில்லாத பொட்டல். கேபிள் உருளைகளும் துருப்பிடித்த விசிறி இறக்கைகளும் கிடந்தன. ராஜையன் ஒரு தகரக் கொட்டகையிலிருந்து வந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் வழக்கமான சிரிப்பு வரவில்லை. ஆனாலும் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவள் உட்காரவில்லை.

ரயிலில் வரும்போது எப்படித் தொடங்குவது என்று நிறைய யோசித்திருந்தாள். ஒன்றும் உதவவில்லை. "நான் உங்கள்ட்ட பொய் சொன்னேன் அண்ணே" என்றாள். "கூட்டத்துல எடத்தச் சொன்னது நாந்தான். டவர் நம்பரும் சொன்னேன். உங்க பேரையும் சொன்னேன்."

ராஜையன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"தெரியும் டீச்சர்" என்றார்.

அவரே நிதானமாகச் சொன்னார். அவர் மகள் ஷெமி நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தபோது மொபைலில் அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறாள். "எனக்க பேர மேடையில சொன்னியள்லா? வந்த சொந்தக்காரங்களுக்கு எல்லாம் அதத்தான் போட்டுக் காட்டுனா. எனக்கும் பெருமையாத்தான் இருந்து. எடத்தச் சொல்லிட்டாவளேன்னு ஒரு பயம் வந்து. ஆனா, டீச்சருக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்."

"தெரிஞ்சிருந்தும் ஏன் போன்ல கேட்டீங்க?"

"நீங்க சொல்லுவியளான்னுதான் கேட்டேன்." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கேபிள் உருளையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இல்லேன்னு சொன்னதும் மேக்கொண்டு கேக்க எனக்கு வாய் வரல்ல."

"அப்புறம் மன்னிப்பும் கேட்டீங்களே."

"அது பொய்யில்ல டீச்சர். சங்கிலியத் தொறந்து விட்டது நாந்தான."

ராஜஸ்ரீ வாய்விட்டு அழுதிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அழுகை வரவில்லை. அவர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்ததற்கும் வெட்கமாக இருந்தது. தன் தவறுதான் என்று அவருடைய கம்பெனிக்கு எழுதித் தருகிறேன் என்றாள். எழுதுங்கள் என்றார். காட்டிலாகாவுக்கும் புகார் கொடுப்பதாகச் சொன்னாள். அதற்கும் தலையாட்டினார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொன்னபோது மட்டும் அவர் எதுவும் சொல்லவில்லை. லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அவர் கேட்டைத் திறக்கப் போனார்.

அவள் சொன்னபடி இரண்டையும் செய்தாள். காட்டிலாகாக்காரர்கள் அந்த விற்பனைப் பக்கத்தைப் பிடித்து, வேறு ஜில்லாவில் ஒரு வீட்டின் பால்கனியிலிருந்து இரண்டு தொட்டிகளை எடுத்தார்கள். வாங்கியவர் பிரியமாகத் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். தண்டு அடியிலிருந்து அழுகிக் குழைந்துவிட்டது. மற்றவை எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை.

பிப்ரவரிக் கூட்டத்தில் பறவைகளைப் பற்றி யாரோ பேச ஏற்பாடாகியிருந்தது. ராஜஸ்ரீ ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினாள். அதே இடத்தில் நின்று, செடி போனதற்குத் தான்தான் காரணம் என்று சொன்னாள். டிசம்பரில் அந்த இடத்தைச் சொன்னது செடிக்காக அல்ல, நீங்கள் கைதட்டியது பிடித்துப்போனதால்தான் என்றாள். அந்த வாட்ச்மேனிடம் பொய் சொன்னதையும் விடவில்லை. முன்பு டெரஸ் கள்ளியைப் பற்றிச் சொன்ன பெண்மணி, திரும்பக் கிடைத்ததா என்று கேட்டார். இல்லை என்றாள் ராஜஸ்ரீ. பறவைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

வெளியே வந்து ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது கிரீஷ் பின்னாலேயே வந்தார். அவர் ஆறுதல் சொல்ல வந்திருந்தால் அவள் நின்றிருக்க மாட்டாள்.

"ஒம்பது வருஷம் முன்னால நானும் எடத்தச் சொன்னேன் டீச்சர்" என்றார். "ஒரு சானல்காரன் கேட்டான். மைக்கைப் பாத்ததும் எந்த ரோடு, எந்த வளைவுன்னு சொல்லிட்டேன். மூணு மாசத்துல கார் காரா வந்து சிப்ஸ் போட ஆரம்பிச்சாங்க. மரத்த விட்டு எறங்காத ஜாதி, ரோட்டுக்கு எறங்கிடுச்சு."

சாலையில் ஒரு பஸ் போகும்வரை காத்திருந்தார்.

"ஒரு தள்ளைக் கொரங்கு வேன்ல அடிபட்டுச்சு. குட்டி ரெண்டு நாள் அதோட வயித்த விடல்ல. நான் அங்க நின்னு பாத்தேன். அதை இதுவரை எங்கயும் எழுதல்ல. யாருட்டயும் சொல்லவும் இல்ல. அன்னிக்கு டீ குடிக்கும்போது உங்கள்ட்ட சொல்லணும்னுதான் வந்தேன். வெக்கமா இருந்துச்சு. சொல்லியிருந்தா மறுநாளே நீங்க அந்த வீடியோவைத் தடுத்திருப்பீங்க."

அவள் அன்று அவரிடம் சொன்ன வார்த்தைகள் நினைவுக்கு வந்தன. அதற்காகவும் மன்னிப்புக் கேட்க நினைத்தாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது, அவருக்கு இப்போது அது தேவைப்படவில்லை என்று தோன்றியது. பிறகு அவர், அடுத்த மாதக் கூட்டத்தில் தானும் ஐந்து நிமிடம் கேட்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கேட்கவும் செய்தார்.

அவள் எழுதிய கடிதத்துக்குக் கம்பெனியிலிருந்து பதில் வரவில்லை. ஆனால் ஏப்ரலில் ராஜையனைப் பழைய டவருக்கே திருப்பி அனுப்பினார்கள். அதை அவர் சொல்லவில்லை. ஷெமி ஒருநாள் மெசேஜ் அனுப்பினாள். ராஜஸ்ரீ இரண்டு நாள் தயங்கி, பிறகு போன் செய்தாள். அவர் எடுத்தார். வெடிப்புக்குள் ஒன்றுமில்லை, காய்ந்து கிடக்கிறது என்றார். உளி போகாத ஆழத்தில் வேர்த்துண்டு ஏதாவது கிடந்தால் ஐப்பசி மழைக்கு முளைக்குமா என்று கேட்டார். முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம், தனக்குத் தெரியாது என்றாள். எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடியும் முள்வெட்டிப் போட்டிருப்பதாகச் சொன்னார்.

"முளைச்சா எனக்குச் சொல்லுவீங்களா அண்ணே?"

காற்று போனில் இரைந்துகொண்டிருந்தது.

"பாக்கலாம் டீச்சர்" என்றார்.

அவள் மறுபடி கேட்கவில்லை. சரி என்று சொல்லி, அவர் வைக்கும்வரை போனைக் காதில் பிடித்துக்கொண்டிருந்தாள்.